காலையில் ஒரே நடையா, சாப்பிட்ட பிறகு மூன்று குட்டி நடையா?

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று மருத்துவர் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்தான். தட்டில் மாவுச்சத்தைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள். எந்த நேரத்தில் நடப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலரும் செய்வதுபோல விடியற்காலையில் நடக்கத் தொடங்கினேன். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. அப்புறம் அதே அரை மணி நேரத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் என்று மாற்றிக்கொண்டேன். இப்போது இது இரண்டாவது வருடம். என் ஓட்டு குட்டி நடைக்குத்தான்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காலுக்குச் சரியாகப் பொருந்தும் ஷூவைத் தவிர இரண்டிலும் செலவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற பரிந்துரையை இரண்டுமே தாண்டிவிடும். தட்டைக் கவனிக்காமல் விட்டால் இரண்டுமே பெரிதாகக் கைகொடுக்காது. அரை மணி நடையில் எரிவதை இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதிலேயே திரும்பச் சாப்பிட்டுவிடலாம்.

காலை நடையின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிறுத்தாமல் அரை மணி நேரம் வேகமாக நடக்கும்போது மூச்சு வாங்குகிறது, இதயத்துக்கு வேலை கிடைக்கிறது, மனது தெளிகிறது. பத்து நிமிடத்தில் அந்த அளவு உடல் சூடேறுவதில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் வந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டர் 200-ஐத் தாண்டி நிற்கும். காலையில் அவ்வளவு நடந்தும் ராத்திரியில் ஏன் இப்படி என்று புரியாமல் தவித்தேன்.

காரணம் சிக்கலானதில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறி, ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சியைத் தொடுகிறது. அது ஏறிக்கொண்டிருக்கும்போதே கால் தசைகள் வேலை செய்தால், தசை நேரடியாகச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் வழக்கமான ஹார்மோன் இன்சுலின்; இதற்கு அதைத் தசை எதிர்பார்ப்பதில்லை. தசை சுருங்குவதே கதவைத் திறந்துவிடுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்புக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். விடியற்காலை நடையின் பலன் பிறகும் கொஞ்சம் நீடிக்கும் என்றாலும், இரவில் ஏறும் சர்க்கரையை அந்த நேரத்திலேயே பிடிப்பதற்கு அது ஈடாகாது.

2016-இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேர், எப்போது வேண்டுமானாலும் 30 நிமிடம் என்று இரண்டு வாரம் நடந்தார்கள். ஒவ்வொரு முக்கிய வேளைக்குப் பிறகும் 10 நிமிடம் என்று இன்னொரு இரண்டு வாரம் நடந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை இரண்டாவது முறையில் சராசரியாக 12 சதவீதம் குறைவு. இரவு வேளைக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். மாவுச்சத்து அதிகம் உள்ளே போவதும், அதன்பின் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் அந்த வேளையில்தானே. சிறிய ஆய்வுதான், ஆனாலும் என் மீட்டர் காட்டுவதோடு ஒத்துப்போகிறது.

இத்தனைக்கும், என்னை மாற்றியது இந்த எண்கள் அல்ல. நடை எப்படி அறுந்துபோகிறது என்பதுதான்.

காலை நடை அறுந்தால் முழுசாக அறுந்துவிடும். மழை, முந்தின இரவு சரியில்லாத தூக்கம், பயணம், காய்ச்சல், விருந்தினர் என்று ஏதோ ஒன்று வரும். அன்றைய கணக்கு பூஜ்யம். மாலையில் ஈடுகட்டலாம் என்று நினைப்பேன், நடக்காது. மறுநாள் எழுவது இன்னும் கஷ்டமாக இருக்கும். நாட்காட்டியில் நடந்த நாட்களை வட்டமிட்டு வந்தேன். நான்கைந்து நாள் தொடர்ந்து வட்டமே இல்லாத இடங்கள் மாதாமாதம் இருந்தன. உடற்பயிற்சியால் இன்சுலினுக்கு உடம்பு நன்றாகச் செவிசாய்க்கும் நிலை ஓரிரண்டு நாளில் மங்கிவிடும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான். என் இடைவெளிகளோ அதற்கும் மேல்.

குட்டி நடையில் ஒன்று போனால் இன்னும் இரண்டு மிச்சம் இருக்கும். மதியம் வேலையிடத்தில் எழ முடியவில்லையா, சரி, இரவு இருக்கிறது. மழையா, வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கலாம், பத்து நிமிடம்தானே. நினைவூட்ட அலாரம் வேண்டாம், கை கழுவுவதே நினைவூட்டல். கடந்த ஒரு வருடத்தில் முழுப் பூஜ்ய நாட்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள்தான். இன்னொரு நல்லதும் நடந்தது. சாப்பிட்டவுடன் எழுந்துவிடுவதால், இலேசாகக் கொறிக்கும் பழக்கம் தானாகவே விட்டுப்போயிற்று. எடை விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதிகம் குறைந்தது முதல் வருடத்தில். அப்போது சாப்பாட்டையும் சேர்த்தே மாற்றியதால் எது குறைத்தது என்று பிரிக்கத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது முதலில் சங்கடமாக இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடந்தால் நெஞ்செரிச்சல் வருகிறது, அதனால் மிதமாகவே நடக்கிறேன். இதய நோய் உள்ளவர்கள் சாப்பிட்டவுடன் நடப்பதைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் எடுப்பவன். இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடையில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு. அவர்கள் சட்டைப்பையில் 15 கிராம் அளவு வேகமாகக் கரையும் சர்க்கரை வைத்திருக்க வேண்டும்; நடுக்கம், வியர்வை என்றால் உடனே சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மருந்தளவைத் தாங்களாக மாற்றவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்த நடையாக இருந்தாலும் தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசைக்கு வலுவூட்டும் பயிற்சிக்கு இரண்டு நடையும் மாற்றில்லை. வாரத்தில் இரண்டு நாள் அதையும் சேர்த்திருக்கிறேன். ஆறு மாதம்தான் ஆகிறது, தீர்ப்புச் சொல்ல இன்னும் நாள் வேண்டும்.

என் பேச்சை நம்ப வேண்டியதில்லை, உங்கள் மீட்டரிடமே கேட்கலாம். இரண்டு இரவுகள் ஒரே சாப்பாட்டை ஒரே அளவில் சாப்பிடுங்கள். ஓர் இரவு உட்கார்ந்திருங்கள், இன்னோர் இரவு அரை மணிக்குள் எழுந்து பத்து நிமிடம் நடங்கள். முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டு நாளும் பாருங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று முறை செய்தால் நல்லது. நான் முதல்முறை பார்த்தபோது உட்கார்ந்த இரவில் 204, நடந்த இரவில் 168.