டிராஃப்டில் யாரை எடுப்பது: வித்தைக்காரனையா, வரவு இடாப்பில் தவறாதவனையா?

எங்கள் என்பிஏ ஃபேன்டசி லீக்கில், அதாவது அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்களைத் தெரிவுசெய்து அணி கட்டி அவர்களின் உண்மையான ஆட்டக் கணக்கை வைத்து மோதுகிற விளையாட்டில், பத்துப் பேர். ஆறு பேர் ரொறன்ரோவில், மூன்று பேர் லண்டனில், யாழ்ப்பாணத்தில் மிஞ்சியிருப்பது நான் மட்டும். டிராஃப்ட், அதாவது முறைவைத்து ஆட்களைத் தெரிவுசெய்வது, ரொறன்ரோக்காரருக்கு வசதியாகச் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நடக்கும். லண்டனில் அப்போது இரவு இரண்டு மணி, எனக்கு ஞாயிறு காலை ஆறரை. பத்துப் பேரில் நித்திரை முடித்து வந்து உட்காருகிறவன் நான் ஒருவன்தான். ஆனாலும் 2023இல் பெரிய பிழை விட்டேன்.

அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரண்டு விதமாக அணி கட்டிப் பார்த்தேன். முதல் விதம், இறங்கினால் ஆட்டத்தையே புரட்டுகிற ஆட்களை எடுப்பது, காயமோ ஓய்வோ வந்தால் வரும்போது பார்ப்போம் என்று. மற்றது, பள்ளிக்கூட வரவு இடாப்பில் ஒரு நாளும் தவறாத பிள்ளையைப் போல எல்லா ஆட்டத்துக்கும் வந்து நிற்கிறவர்களைத் தேடுவது. நான் இப்போது இரண்டாவது கட்சி, மறைக்கவில்லை.

மற்றதெல்லாம் தெரிந்த கதை. சென்டர் (கூடைக்கடியில் நிற்கிற உயரமான ஆள்) இருவராவது வேண்டும், ரொறன்ரோ ராப்டர்ஸ் பாசத்தில் இரண்டு ரவுண்ட் முந்தியே ஆள் எடுக்கக் கூடாது (மச்சான்மார் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு 2019 கிண்ணத்தின் வெறி இன்னும் இறங்கவில்லை), ரவுண்டுக்கு ரவுண்ட் வரிசை தலைகீழாகிற ஸ்னேக் முறையில் மூன்றாவதாக எடுத்தவனுக்கு அடுத்த வாய்ப்பு பதினெட்டாவதாகத்தான் வரும். சரி, விடுவோம்.

2023இல் எனக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது இடம். ஜோயல் எம்பீட்டை எடுத்தேன். முந்தைய சீசனின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்), ஆட்டத்துக்கு 33.1 புள்ளி, அதுவும் 66 ஆட்டம் ஆடியிருந்தார், முழங்கால் சரிவந்துவிட்டது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். மூன்றாவது ரவுண்டில் காயங்களுக்குப் பேர்போன கவாய் லெனர்ட். ஜனவரி கடைசிவரை பட்டியலில் முதலாவது நான்தான், குடும்ப வாட்ஸ்அப்பில் வாய் காட்டியதும் நான்தான். ஜனவரி 31 காலை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது, கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் எம்பீட்டின் இடது முழங்கால்மேல் எதிரணி ஆள் ஒருவர் விழுந்தார். ஸ்காபரோவிலிருந்து மச்சான் உடனே குரல் பதிவு அனுப்பினான்: "உன்ர ஆள் படுத்திட்டான், இனி நீயும் படு." அந்த சீசனில் எம்பீட் ஆடியது மொத்தம் 39 ஆட்டம். நான் ஆறாவது.

அப்போதுதான் இருந்து கணக்குப் பார்த்தேன். எங்கள் லீக்கில் வாரத்துக்கு வாரம் ஒருவரோடு ஒருவர் மோதி ஒன்பது பிரிவுகளில் யார் முன்னுக்கு என்று பார்ப்பது. அந்த ஒன்பதில் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்கிற பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறியும் பந்தைத் தடுப்பது), மூன்று புள்ளிக் கூடைகள் என்ற ஆறும் வெறும் கூட்டுத்தொகை. ஒரு ஆள் வாரத்தில் நான்கு ஆட்டம் ஆடினால் நான்கும் சேரும், இரண்டில் குந்தியிருந்தால் இரண்டு போச்சு. எறிந்ததில் எத்தனை விழுந்தது என்று பார்க்கிற இரண்டு சதவீதப் பிரிவுகளுக்கு மட்டும் அந்தக் கவலையில்லை. டர்ன்ஓவரோ (பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது) தலைகீழ், குறைந்தவனுக்குத்தான் வெற்றி, கூடுதலாக ஆடினால் கூடுதலாகத்தான் விழும், அதை வரவுக்காரர் அணி பெரும்பாலும் தோற்கும் என்று முன்னமே எழுதிவைத்துவிடலாம். அந்த 39 ஆட்டங்களில் எம்பீட் சராசரி 34.7, பெருக்கினால் 1350 சொச்சம். அதே சீசனில் மிகால் பிரிட்ஜஸ் சராசரி 19.6தான், ஆனால் 82 ஆட்டம், 1600 புள்ளி. பிரிட்ஜஸை யாரும் முதல் ரவுண்டில் கனவிலும் எடுக்க மாட்டார்கள். 2018இல் என்பிஏக்கு வந்ததிலிருந்து 2024-25 முடியும்வரை ஒரு ஆட்டம் தவறவிடாத ஆள் அவர். 2022-23இல் நடுவில் அணி மாற்றப்பட்டதால் 82 ஆட்டச் சீசனில் 83 ஆடிவைத்தார்!

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எம்பீட் இல்லாத நாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்காது, வேறொருவரைப் போடலாம். போடலாம்தான், ஆனால் அதற்கு ஆள் முழித்திருக்க வேண்டுமே. கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் எங்களுக்குப் பனிக்காலத்தில் காலை ஐந்தரை. சந்தேகம் என்று போட்டிருக்கிற ஆள் ஆடுகிறாரா இல்லையா என்பது பலநேரம் அதற்கு அரைமணி முன்னர்தான் தெளிவாகும். அந்த சீசன் முழுக்க ஐந்து மணிக்கு அலாரம் வைத்தேன். அம்மா, பிள்ளை ஏதோ சோதனைக்குப் படிக்குது என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். ரொறன்ரோக்காரருக்கு இது இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிட வேலை, வித்தைக்காரர் அணியைப் பராமரிப்பது அவர்களுக்குச் சுலபம்.

2024 டிராஃப்டில் எனக்கு ஏழாவது வாய்ப்பு, இந்த முறை வரவுக்காரர் பக்கம். அந்தோணி எட்வர்ட்ஸ், அடுத்து டொமான்டஸ் சபோனிஸ், பின்வரிசையில் பிரிட்ஜஸ். எட்வர்ட்ஸ் 79 ஆட்டம், சபோனிஸ் 70, பிரிட்ஜஸ் வழக்கம்போல் 82. அணியை இரவு படுக்கமுன் ஒருதரம் பார்ப்பேன், அவ்வளவுதான். பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதாக அமைச்சர் சொன்ன அன்றும், சார்ஜ் போன போனோடு பதறாமல் இருந்தேன். அதே மாதம் லண்டன் தம்பியின் வெம்பன்யாமா தோளில் இரத்தக்கட்டி என்று 46 ஆட்டத்தோடு சீசனை முடித்துக்கொண்டார். அதை எந்த இடாப்பைப் பார்த்தும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. எனக்குப் பயம் காட்டிய கவாயும் 2023-24இல் 68 ஆட்டம் ஆடினார். பழைய வரவு ஒரு சாட்சிதான், உத்தரவாதம் இல்லை.

கிண்ணமும் கிடைக்கவில்லை. இறுதி வாரம், ஏப்ரல் 2 காலை ஏழரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் மச்சானின் யோகிச் 61 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் எடுத்தார், அதுவும் என் எட்வர்ட்ஸின் மினசோட்டாவுக்கு எதிராக. இரண்டு மேலதிக நேரம் போய் மினசோட்டா 140-139 என்று வென்றது, நான் தோற்றேன். யோகிச் வித்தையும் வரவும் ஒன்றாகச் சேர்ந்த ஆள், அவர் கிடைத்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

நான் பார்த்தது இரண்டு சீசன், ஒரே லீக். மொத்தப் புள்ளியை மட்டும் எண்ணுகிற லீக்கிலோ ஏல முறையிலோ ஆடியதில்லை. காயக்காரருக்கு எங்களிடம் ஒரேயொரு தனி இடம்தான், மூன்று இடம் தருகிற லீக் என்றால் நானும் வித்தைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பேன்.

இந்த முறை சீட்டுக் குலுக்கலில் பத்தாவது இடம், அதாவது 10, 11 இரண்டும் அடுத்தடுத்து என் கையில். இரண்டையும் வரவுக்காரருக்கு என்று எழுதியே வைத்துவிட்டேன். 30ஆவது வரும்போது கவாய் இன்னும் பட்டியலில் மிச்சம் இருந்தால் கை என்ன செய்யுமோ தெரியாது.