ஸ்ட்ரீம் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தருபவரிடம் ஏமாந்த கதை

சேலத்தில் பதினோரு ஆண்டுகளாக டி.ஜே.யாக இருக்கிறேன். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பகுதி மண்டபங்களில் வரவேற்பு நிகழ்ச்சிகள், ஏற்காட்டு விடுதிகளில் புத்தாண்டு இரவுகள் என்று சேர்த்த பணத்தில்தான் எங்கள் சிறிய டான்ஸ் மியூசிக் லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தை, தொடங்கினேன். ஓமலூர்ப் பக்கத்துத் தவில் கலைஞர் ஒருவரின் வாசிப்பைப் பதிவுசெய்து, அதன் மேல் ஹவுஸ் என்ற நடன இசைத் தாளத்தைக் கட்டி, நான்கு டிராக்குகளாக வெளியிட்டோம். வருமானத்தில் பாதி அவருக்கு என்பது எழுத்தில் உள்ள ஒப்பந்தம்.

ஏற்காட்டு நிகழ்ச்சி ஒன்றில் அறிமுகமான நபர், 18,000 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் 50,000 ஸ்ட்ரீம், அதாவது பாட்டு இணையத்தில் 50,000 முறை கேட்கப்படுவது, உறுதி என்றார். பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு இணைய இசைத் தளமான ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டி தருவதில்லை என்பது உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே என்னைப் பயமுறுத்தினார். ரசீது கேட்காமல் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியது என் தவறு.

பத்தே நாளில் எண்ணிக்கை 40,000 தாண்டியது. அப்போதே நான் பார்த்திருக்க வேண்டியவை எல்லாம் ஸ்பாட்டிஃபையில் எங்களுக்கு உள்ள கலைஞர் கணக்கிலேயே இருந்தன. கேட்டவர்கள் சில நூறு பேர்தான். அப்படியானால் ஒவ்வொருவரும் நூறு முறைக்கு மேல் கேட்டிருக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் எங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு வெளிநாட்டு நகரங்களில் இருந்தார்கள். பாட்டைச் சேமித்து வைத்தவர் ஒருவர்கூட இல்லை. முப்பது நொடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு ஏறிவிடும் என்பதால், மென்பொருளை வைத்து இரண்டு பிளேலிஸ்ட்களை இரவு பகலாக ஓடவிட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த மாதம், பாட்டுகளைத் தளங்களில் ஏற்றித்தரும் எங்கள் விநியோக நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. செயற்கை ஸ்ட்ரீம் கண்டறியப்பட்டதால் நான்கு டிராக்குகளும் நீக்கப்பட்டன. நேர்மையாகக் கேட்கப்பட்ட பழைய வெளியீடுகளின் காலாண்டு வருமானமும் நிறுத்திவைக்கப்பட்டது. அப்பட்டமான செயற்கை ஸ்ட்ரீம் உள்ள ஒவ்வொரு டிராக்குக்கும் லேபிள்களிடமும் விநியோகஸ்தர்களிடமும் ஸ்பாட்டிஃபை 2024 முதல் அபராதம் வசூலிக்கிறது. அந்தத் தொகையும் எங்கள் கணக்கிலேயே கழிக்கப்பட்டது. பணம் வாங்கியவரின் கைப்பேசி அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

எனக்குப் பண இழப்பைவிடப் பெரிதாக வலித்தது ஓமலூருக்குப் போய் விஷயத்தைச் சொன்ன மாலை. “நான் வாசிச்சது நிஜந்தானே தம்பி, அதை ஏன் எடுத்தாங்க?” என்று கேட்டார் அண்ணன். என்னிடம் பதில் இல்லை. அவருடைய பங்கை என் நிகழ்ச்சிச் சம்பளத்திலிருந்து கொடுத்து வருகிறேன்.

பாட்டை மற்ற டி.ஜே.க்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, கருத்துப் பெற்றுத் தரும் நேர்மையான விளம்பரதாரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கைக்கு வாக்குறுதி தருவதில்லை. ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழுவுக்கு, வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பாவது, கலைஞர் கணக்கு வழியாகவே பாட்டை இலவசமாகப் பரிந்துரைக்கலாம். இன்ன தொகைக்கு இத்தனை ஸ்ட்ரீம் என்று யார் பேசினாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவுசெய்திருக்கிறேன். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் இதேபோல் பணம் கட்டியவர்கள் இருந்தால், உரையாடல்களையும் பணம் அனுப்பிய விவரங்களையும் அழித்துவிடாமல், தயங்காமல் நீங்களும் புகார் கொடுங்கள்.