உபுண்டு ‘அப்கிரேடு’ என்று காசு வாங்கிவிட்டு ஃபார்மேட் அடிக்கிறார்கள், உஷார்

உபுண்டு (லினக்ஸ் வகை ஓஎஸ்) 22.04 பதிப்பு உள்ள லேப்டாப்பை 24.04-க்கு ஏற்றச் சொல்லி சர்வீஸ் கடையில் கொடுக்கப்போகிறவர்கள், முதலில் இதைப் படித்துவிடுங்கள். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ‘ஓஎஸ் அப்கிரேடு’ என்று பில் போட்டுச் செய்த வேலை, டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்தது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென் டிரைவில் எடுத்துத் திரும்பப் போட்டிருந்தார்கள். மேலாகப் பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

போனதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. தண்டர்பேர்டு மெயில் செயலியில் இறக்கி வைத்த மெயில், எஸ்எஸ்ஹெச் சாவிகள் (வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் ஃபைல்கள்), செயலிகளின் அமைப்புகள் எல்லாம் ஹோமுக்குள் (உங்கள் சொந்த ஃபோல்டர்) புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களில் இருப்பவை. ஃபைல்ஸ் ஜன்னலில் கன்ட்ரோல்+ஹெச் அழுத்தினால்தான் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் 22.04-இல் ஸ்னாப்பாக (உபுண்டுவின் தனி பேக்கேஜ் வடிவம்) வருவதால் அதன் பாஸ்வேர்டும் புக்மார்க்கும் ஹோமில் உள்ள ‘ஸ்னாப்’ ஃபோல்டரில் கிடக்கும். அதையும் யாரும் எடுக்கவில்லை. கூடவே இருந்த விண்டோஸ் பார்ட்டிஷனும் காலி.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? நேரம்தான். பென் டிரைவிலிருந்து புதிதாகப் போட அரை மணி நேரம் போதும். முறையான அப்கிரேடு ஜிபி கணக்கில் டவுன்லோட் செய்யும், நடுநடுவே கேள்வி கேட்கும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடலாம். ரூட்டில் (டிஸ்க்கின் அடிநிலை ஃபோல்டர்) ‘வார்’, அதற்குள் ‘லாக்’ ஃபோல்டரைத் (/var/log) திறந்து பாருங்கள். உண்மையான அப்கிரேடு நடந்திருந்தால் ‘டிஸ்ட்-அப்கிரேடு’ என்ற ஃபோல்டரில் அன்றைய தேதியிட்ட லாக் ஃபைல்கள் இருக்கும். அது காலியாக இருந்து, பக்கத்தில் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டர் மட்டும் நேற்றைய தேதி காட்டினால் கதை முடிந்தது: ஃபார்மேட்.

அப்படித் தெரிந்தால் ஹார்டு டிஸ்க்காக இருக்கும் பட்சத்தில் உடனே அணைத்துவிடுங்கள். ஃபோட்டோரெக் மாதிரி ஃபைல் மீட்புக் கருவிகள் கொஞ்சமாவது மீட்கும். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். இஎக்ஸ்டி4 (உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் டிஸ்க் வடிவம்) ஃபார்மேட் ஆகும்போதே பழைய பிளாக்குகளை விட்டுவிடச் சொல்லி டிரைவுக்கு உத்தரவு போய்விடுகிறது. பிறகு எந்தக் கடைக்காரர் ‘ரெக்கவரி பண்ணித் தரேன்’ என்றாலும் இன்னொரு தடவை காசு போகும், அவ்வளவே.

ஆனால் வீட்டிலேயே செய்தால் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல மாட்டோம். வெளியிலிருந்து எதுவும் சேர்க்காத, இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள மெஷினில் பெரும்பாலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். மாட்டிக்கொள்பவர்கள் வேறு ரகம்.

என்விடியா 390 டிரைவரில் ஓடும் பழைய கார்டுகள் (ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசை) இருந்தால் 22.04-லேயே இருங்கள். 24.04-இல் அந்த டிரைவர் இல்லை; நூவோ என்ற ஓப்பன் சோர்ஸ் டிரைவரில்தான் ஓட்ட வேண்டும். 22.04-க்கு 2027 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு, அவசரம் ஒன்றுமில்லை. 20.04-இல் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அவர்களும் நேராக 24.04-க்குத் தாவ முடியாது, 22.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும்.

பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியிலிருந்து செயலி தரும் களஞ்சியம்) சேர்த்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அப்கிரேடர் பிபிஏ முகவரிகளை முடக்குமே தவிர, அங்கிருந்து வந்த பேக்கேஜ்களை அப்படியே விட்டுவிடும். அவற்றின் பதிப்பு உபுண்டுவுடையதைவிடப் புதிதாக இருந்தால் சார்புகள் (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) முட்டிக்கொண்டு ‘அப்கிரேடைக் கணக்கிட முடியவில்லை’ என்று நின்றுவிடும். முன்கூட்டியே பிபிஏ-பர்ஜ் (ppa-purge) கட்டளை போட்டு உபுண்டுவின் பதிப்புக்கு இறக்கிவிடுங்கள். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தவர்களுக்கு ‘பூட்’ தனிப் பார்ட்டிஷன், அதுவும் சின்னது. பழைய கெர்னல்களை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஆட்டோரிமூவ் கட்டளை கொண்டு நீக்காவிட்டால் இடமில்லை என்று ஆரம்பத்திலேயே மறுக்கும்.

பைத்தான் 3.10 போய் 3.12 வருவதால் பழைய விர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தான் புராஜெக்ட்டுக்கான தனி அமைப்பு) எதுவும் ஓடாது, மறுபடி கட்ட வேண்டும். நடுவில் கான்ஃபிக் ஃபைலை மாற்றவா என்று கேட்டால், நீங்கள் கைவைத்த ஃபைலாக இருந்தால் ‘என்’ (N) கொடுத்துப் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவையற்றவற்றை நீக்கவா என்று ஒரு பட்டியல் வரும். அதைப் படிக்காமல் ‘ஒய்’ (Y) அடிக்காதீர்கள்.

அப்கிரேடு அறிவிப்பு வரவில்லை என்றால் அப்கிரேடு கட்டளையோடு ‘-டி’ (-d) சேர்த்து வலுக்கட்டாயமாக ஏற்றச் சொல்லும் யோசனைக்கும் செவிசாய்க்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 29-இல் 24.04.1 வந்தபின் திறந்த வழியை, அப்கிரேடரில் கடுமையான பிழை இருந்ததால் சில நாளிலேயே நிறுத்திவைத்துத் திருத்தினார்கள். அறிவிப்பு வராததற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியில் ஸ்னாப்ஷாட் (கணினியின் அப்போதைய நிலையின் நகல்) எடுத்தாயிற்று என்று ஹோம் பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். இயல்பு அமைப்பில் டைம்ஷிஃப்ட் ஹோமைச் சேர்க்காது. பாதியில் கரண்ட் போய் நின்றுவிட்டால் மறுபடி பூட் செய்து ரெக்கவரி மோடில் ரூட் ஷெல்லுக்குப் போங்கள். டிஸ்க்கை எழுதும் நிலைக்கு ரீமவுன்ட் செய்து, பேக்கேஜ் கருவியான டிபிகேஜியை ‘கான்ஃபிகர் ஆல்’ என்று (dpkg --configure -a) ஓட்டி, பிறகு ஆப்டின் ஃபிக்ஸ்-புரோக்கன் (apt --fix-broken install) கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ‘இது செத்துப்போச்சு, ஃபார்மேட்தான்’ என்று கடையில் சொல்வது அநேகமாக இந்த நிலையில் இருக்கும் மெஷினைப் பார்த்துத்தான்.