சான் பிரான்சிஸ்கோ முதல் போர்ட்லேண்ட் வரை: பீருக்காக எந்த வழியில் போகலாம்?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து போர்ட்லேண்டுக்குக் காரில் போக மூன்று வழிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கடலோரமாகப் போகும் 101. நடுவில் நேராக ஓடும் ஐ-5. வீட் என்ற சிற்றூர் வரை ஐ-5இல் போய், அங்கே வடகிழக்காகப் பிரிந்து பெண்ட் நகரம் வழியாகப் போகும் 97. சின்ன ஆலைகளில் (ப்ரூவரிகளில்) காய்ச்சும் கிராஃப்ட் பீரின் பிரியர்களுக்கு மூன்றுமே நல்ல வழிகள்தான். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் மேப்பைத் திறந்து எந்தப் பாதையில் ப்ரூவரிகள் அதிகம் என்று எண்ண ஆரம்பிக்கிறார்கள். நான் பார்ப்பது அதை அல்ல. ராத்திரி தங்கும் அறையிலிருந்து நடந்தே போய் வரும் தூரத்தில் நல்ல ப்ரூவரி இருக்கிறதா? இந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

காரணம் எளிய கணக்கு. 5 சதவீத ஆல்கஹால் உள்ள 12 அவுன்ஸ் பீர், அதாவது 355 மில்லி, அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க். அதைக் கரைக்க உடம்புக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ப்ரூவரியிலேயே உட்கார்ந்து குடிக்கும் டேப் ரூமில் ‘ஃப்ளைட்’ கேட்டால் சின்ன கிளாஸ்களில் நான்கு வகை ஊற்றித் தருவார்கள். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும். கிளாஸுக்கு 5 அவுன்ஸ் என்றால் மொத்தம் 20 அவுன்ஸ். அதுவே 8 சதவீத டபுள் ஐ.பி.ஏ.யாக (கசப்பும் ஆல்கஹாலும் தூக்கலான பீர் வகை) இருந்தால் இரண்டரை டிரிங்கைத் தாண்டிவிடும். கலிஃபோர்னியா, ஆரிகன் இரண்டிலும் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு 0.08 சதவீதம். அதற்குக் கீழே இருந்தாலும் வண்டி தடுமாறினால் வழக்குப் போடலாம். ஆகவே பகலில் நிற்கும் ப்ரூவரியில் ஸ்டியரிங் பிடிப்பவருக்குச் சாப்பாடும் சுற்றிப் பார்ப்பதும் மட்டும்தான். மூடி திறக்காத டின்களை வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, ராத்திரி குடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முதலில் கடலோரத்தைப் பார்ப்போம்.

தூரம் 800 மைலைத் தாண்டும், வளைவுகளும் ஏராளம். ஆனால் தொடக்கமே பிரமாதமாக இருக்கும். சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியின் பழைய பப் 2004 முதல் இருக்கிறது. அதற்குச் சற்று வடக்கே, விண்ட்சரில், 2018இல் திறந்த பெரிய ப்ரூவரியில் நாமே நடந்து சுற்றிப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். இவர்களுடைய பிளைனி தி எல்டர்தான் அந்த 8 சதவீத டபுள் ஐ.பி.ஏ. பைன் மரப் பிசின் வாசனை, கசப்பு, கடைசியில் இனிப்பே மிஞ்சாத உலர்ந்த முடிவு. அவ்வளவு ஆல்கஹால் இருப்பது நாக்குக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. சிக்கல் என்னவென்றால், இது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். பயணத்தின் முதல் மணி நேரத்திலேயே நின்று குடித்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. பாட்டில் வாங்கிக்கொண்டு கிளம்புவதுதான் சரி.

அப்புறம் ரெட்வுட் காடுகள், யுரேகா, ஆரிகன் எல்லை. யுரேகாவின் லாஸ்ட் கோஸ்ட் ப்ரூவரி இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கியது. அது தொடங்கிய காலத்தில் இந்தத் தொழிலில் பெண் முதலாளிகளைப் பார்ப்பதே அபூர்வம். அதற்கு வடக்கே நெடுந்தூரம் கடலும் மலையும்தான், பீருக்கென்று நிற்க எனக்கு அவ்வளவு காரணம் இல்லை. மறுபடி களைகட்டுவது பசிபிக் சிட்டியில். அங்கே 1996இல் தொடங்கிய பெலிகன் ப்ரூவரி கடற்கரை மணலை ஒட்டியே நிற்கிறது. மேஜையிலிருந்து நிமிர்ந்தால் கடலுக்குள் நிற்கும் பெரும்பாறை தெரியும். மீனவர்கள் துறைமுகம் இல்லாமல் மணலிலிருந்தே படகைத் தள்ளிக் கடலில் இறக்குவார்கள். அடுத்து டில்லமுக்கில் டி கார்டு ப்ரூவரி. முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த சூடான நீரை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் திறந்து வைத்து, கடலோரக் காற்றில் மிதக்கும் ஈஸ்ட்டே வந்து புளிக்க வைக்கட்டும் என்று விடுகிறார்கள். புளிப்பு பீர் பிடிக்காதவர்கள் தாண்டிப் போய்விடலாம். பிடித்தவர்களுக்கு இந்தக் கடற்கரையில் இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

கடலோர வழியில் நடந்து போகிற கணக்கில் நன்றாகத் தேறுவது அஸ்டோரியா. கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் பழைய துறைமுக ஊர், அறைகளும் ப்ரூவரிகளும் ஒரே பகுதியில். 2007இல் இங்கே ஃபோர்ட் ஜார்ஜ் ப்ரூவரியைத் தொடங்கியவர்கள், பழைய ப்ரூவரிச் சாமான்களை வர்ஜீனியாவில் வாங்கி நாட்டின் குறுக்கே லாரியில் கொண்டுவந்தார்கள். வழியில் நெப்ராஸ்காவில் சூறாவளியில் மாட்டித் தப்பினார்கள். அவர்களுடைய வோர்டெக்ஸ் ஐ.பி.ஏ.வுக்கு அந்தச் சுழற்காற்றின் பெயர். மூன்று ராத்திரியாவது கையில் இருந்தால் கடலோரம் போகலாம். ஒரே ராத்திரியில் இதை முடிக்கப் பார்த்தால் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் நினைவில் நிற்காது.

ஐ-5 இதற்கு நேர் எதிர். சுமார் 635 மைல், பத்து மணி நேரம், பெரும்பாலும் சலிப்பு. ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பெருமை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்க கிராஃப்ட் பீரின் சுவையையே மாற்றிய கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) ரகம், ஐ-5க்குக் கொஞ்சம் மேற்கே இருக்கும் கார்வாலிஸில் உருவாக்கப்பட்டு 1972இல் வெளியானது. அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது சியரா நெவாடா ப்ரூவரியின் பேல் ஏல் என்ற பீர். 1980இல் அது பிறந்த சிக்கோ நகரம் ஐ-5க்குச் சுமார் 20 மைல் கிழக்கே இருக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு ஊரையும் பார்த்துவிடலாம். கார்வாலிஸில் பிளாக் 15 நல்ல ப்ரூவரி.

சிக்கோவைத் தவறவிடாதீர்கள். ஜெர்மனியிலிருந்து வாங்கிவந்த பழைய செம்புக் கொதிகலன்கள் அங்கே சியரா நெவாடா ப்ரூவரியில் பளபளவென்று நிற்கும். ஹாப்ஸைப் பொடித்து வில்லையாக்காமல் முழுப் பூவாகவே போடுவது இவர்கள் வழக்கம். ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மஞ்சள் தூள் விரலில் பிசுபிசுக்கும். பம்பளிமாஸ் தோலைக் கிள்ளியது போன்ற வாசனை வரும். பேல் ஏலில் வருவது அந்த வாசனைதான் என்று அப்போது சட்டென்று பிடிபடும். இதற்கு ஓட்டுநரும் குடிக்க வேண்டியதில்லை. பெரிய உணவகம் இருக்கிறது, குழந்தைகளோடு போகலாம், நடந்து சுற்றிக் கால் நீட்டலாம். பகல் நிறுத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் ஐ-5இல் இதற்குப் பிறகு ‘இன்று ராத்திரி இங்கேதான்’ என்று என்னை இழுக்கும் ஊர் எதுவும் இல்லை.

97இல் அந்தக் குறை கிடையாது. சுமார் 700 மைல். சிக்கோவில் மதியச் சாப்பாடு, வீட் என்ற அந்தச் சிற்றூரில் பிரிந்து, ஷாஸ்டா மலையைச் சுற்றிக்கொண்டு கிளாமத் ஃபால்ஸ் வரை போனால் முதல் நாள் போதும். அந்த ஊருக்கு அடியில் பூமியே வெந்நீர் வைத்திருக்கிறது. கிளாமத் பேசின் ப்ரூவரி ஒரு பழைய பால் பண்ணைக் கட்டடத்தில், அந்தப் பூமிச் சூட்டைப் பயன்படுத்திப் பீர் காய்ச்சுகிறது. அடுத்த நாள் கிரேட்டர் லேக் என்ற எரிமலை ஏரியைப் பார்த்துவிட்டு மாலையில் பெண்ட் சேரலாம்.

பெண்ட் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர், ஆனால் பெருநகரங்கள் பொறாமைப்படும் அளவுக்கு ப்ரூவரிகள். கேஸ்கேட் மலைப் பனி உருகி வரும் மென்மையான தண்ணீர் அதற்கு ஒரு காரணம். 1988இல் டெஷூட்ஸ் ப்ரூவரி போட்ட பாதை இன்னொரு காரணம். அந்தப் பழைய பப் ஊர் நடுவில் பாண்ட் தெருவில் இருக்கிறது. எல்லோரும் ஐ.பி.ஏ. கேட்கும் ஊரில் முதல் கிளாஸாக அவர்களுடைய பிளாக் பியூட் போர்ட்டர் கேளுங்கள். வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) காப்பிக் கசப்பும் லேசான சாக்லேட் வாசனையும், ஆனால் கனமே இல்லாத பீர். பழைய கார் கியர்பாக்ஸ் பட்டறையில் 2012இல் தொடங்கிய க்ரக்ஸ் ப்ரூவரியில் சூரியன் மறைவதை மலைகளோடு சேர்த்துப் பார்க்கலாம். காரை அறையிலேயே விட்டுவிட்டு, நடந்தோ சைக்கிளிலோ ஒரு மாலை முழுக்கச் சுற்றலாம்.

அங்கிருந்து போர்ட்லேண்டுக்கு நேராகப் போகாமல் ஹூட் ரிவர் வழியாகப் போனால் ஆற்றங்கரையில் ஃப்ரீம் ப்ரூவரி. அதன் பில்ஸ்னர் என்னைப் பொறுத்தவரை இந்த மூன்று வழிகளிலும் கிடைக்கும் சிறந்த லேசான பீர்.

ஆகவே இரண்டு ராத்திரி, ஒரே ஓட்டுநர் என்றால் 97தான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பனிக்காலத்தில் மட்டும் வேண்டாம்: அந்தப் பாதையில் டயருக்குச் சங்கிலி தேவைப்படலாம். அப்போது கடலோரமே மேல். செப்டம்பரில் போனால் பறித்த ஈரத்தோடு ஹாப்ஸைப் போட்டுக் காய்ச்சிய பீர் ஆரிகனில் வர ஆரம்பித்திருக்கும், சில வாரங்களே கிடைக்கும்.

எந்த வழியானாலும் ஐஸ் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் சிக்கோ, ரெட்டிங் பக்கம் 40 டிகிரி அடிக்கும். சூடான டிக்கியில் ஐ.பி.ஏ. அன்றைக்கே வாசனை இழக்க ஆரம்பித்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினரோ நண்பரோ கூட வந்தால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், 21 வயது ஆனதற்கு அதைத்தான் தயங்காமல் ஏற்பார்கள். பழைய பட்டியல்களை நம்பிக் கிளம்பவும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 2023இல் நின்றது, ஆரிகன் கடலோரத்தில் நியூபோர்ட்டின் ரோக் ப்ரூவரி 2025 நவம்பரில் திடீரென்று மூடப்பட்டது. இரண்டு பெயரும் இன்னும் பல பயணப் பட்டியல்களில் முதல் வரிசையில் நிற்கின்றன. கிளம்பும் வாரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு போன் போட்டு, திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.