எம்.டி.எஃப் அறுக்கும்போது எழும் தூசு: முகக்கவசமா, எக்ஸாஸ்ட் ஃபேனா, வேக்குவமா?

தேக்கை இழைக்கும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் கட்டர் மெஷினை வைத்தால் மைதா மாவைப் போன்ற நுண்தூசு கிளம்பும், அதில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையும் கலந்திருக்கும். மரத்தூசு, ஃபார்மால்டிஹைடு இரண்டையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

பட்டறைகளில் அதிகம் காணப்படுவது எக்ஸாஸ்ட் ஃபேன்தான். அறையில் மிதக்கும் தூசைச் சிறிது குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் அறுப்பவர் ஃபேனுக்கும் பலகைக்கும் நடுவில் நின்றால், வெளியேறும் தூசு முழுவதும் அவருடைய மூக்கைக் கடந்துதான் போகும். தனித்து நம்புவதற்கு இது ஏற்றதன்று.

முகக்கவசம் மலிவானது, உடனே கிடைப்பது. துணி மாஸ்க்கும் அறுவைச் சிகிச்சை மாஸ்க்கும் இந்தத் தூசைத் தடுக்கா, நுண்தூசை வடிகட்டும் மாஸ்க்குகளுக்கான ஐரோப்பியத் தரங்களில் எஃப்.எஃப்.பி.2 அல்லது அதைவிட மேலான எஃப்.எஃப்.பி.3 வேண்டும். பிரிட்டன் நாட்டுக் கணக்கில் சரியாகப் பொருந்திய எஃப்.எஃப்.பி.2 சுவாசிக்கும் தூசைப் பத்தில் ஒரு பங்காகவும், எஃப்.எஃப்.பி.3 இருபதில் ஒரு பங்காகவும் குறைக்கும் என்று கொள்ளப்படுகிறது. இங்கே ‘சரியாகப் பொருந்திய’ என்ற சொல்லே முக்கியம்: இரண்டு நாள் தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று புகுந்துவிடும், சித்திரை வெயிலில் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு அறுப்பவரைக் குறை சொல்லவும் மனம் வருவதில்லை. மேலும், அது அணிந்தவரை மட்டுமே காக்கும். பக்கத்தில் லேமினேட் ஒட்டும் உதவியாளரைக் காக்காது.

கட்டர் மெஷினில் தூசு வெளியேறும் வாயில் குழாயை மாட்டி, தூசு பிறக்கும் இடத்திலேயே இழுத்துக்கொள்ளும் வேக்குவம்தான் என் தேர்வு. விலை உறுத்தும் என்பதை மறைக்கவில்லை. அதற்காக வீட்டு வேக்குவத்தை மாட்டுவது தவறு. அதன் பை நுண்தூசைப் பின்வழியாக அறைக்குள்ளேயே துப்பிவிடும். 99.9 சதவீதம் வடிகட்டும் எம் வகுப்பு வேக்குவம் தேவை. வேலை நடக்கும்போது எதிர்ப்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாமல் தப்பும் தூசு ஒளிக்கற்றையில் புகைபோலத் தெரியும். அந்த மிச்சத்திற்காகவே, வேக்குவம் ஓடினாலும் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது.

வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் மேசையையும் சட்டையையும் ஊதுவது, பிடித்து வைத்த தூசை மீண்டும் அவிழ்த்துவிடுவதே. அதே வேக்குவத்தால் உறிஞ்சி, பையைக் கட்டி வெளியேற்றுவதே முறை.