பல் கடிக்கு ‘கிளிப்’ வாங்கும் முன்: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், காலையில் தாடை இறுகி நெற்றிப்பொட்டு வலியோடு எழுபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். தூங்கும்போது பல் தேயாமலிருக்கப் பற்களின் மேல் மாட்டும் உறைதான் இங்கே சொல்லும் கிளிப். ‘உங்க அளவுக்குச் செய்தது’ என்று அதை வாங்கி ஏமாந்தவர்கள் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் மூன்று பொருள்களில் ஒன்று.

முதலாவது, வெந்நீரில் முக்கிக் கடித்தால் வடிவம் பிடிக்கும் ரப்பர் கார்டு. விளையாட்டில் பல் அடிபடாமல் இருக்கச் செய்தது அது. மெத்தென்று இருப்பதால் சிலர் அதையே மெல்லத் தொடங்குவார்கள். தாடைத் தசைக்கு வேலை கூடும். பலமாகக் கடிப்பவர் சில மாதங்களில் ஓட்டை போட்டுவிடுவார். இரண்டாவது, மேல்தாடைக்கு மட்டும் அளவெடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுத்துச் செய்தது. கீழ்ப்பற்கள் அதில் எங்கே படுகின்றன என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாவதுதான் ஆபத்து: முன்பற்களை மட்டும் மூடுவது. நீண்ட நாள் அதைப் போட்டால், எதிர்ப்பல் படாத கடைவாய்ப் பற்கள் மெல்ல எழும்பி வரக்கூடும். அப்படி ஆனால், கழற்றிய பிறகு முன்பற்கள் சேராது. அதைத் திருப்பிக் கொண்டுவருவது பெரிய வேலை.

சரியான கிளிப் இப்படித்தான் தயாராகும். மேல், கீழ் இரண்டு தாடைக்கும் அளவு, இரண்டும் சேரும் கடிக்குத் தனிப் பதிவு. லேபில் அக்ரிலிக் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில், கிளிப் மாட்டும் தாடையின் எல்லாப் பற்களையும் மூடும்படி, கடைவாய்ப் பக்கம் 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் செய்வார்கள். வாயில் வைத்தால் ஆடக் கூடாது. பிறகு நிறம் ஒட்டும் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்தமாகப் புள்ளி விழும் இடத்தைச் சிறிது சிறிதாக ராவி, இருபக்கமும் சமமாகப் படும்வரை திருத்த வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தியும் பார்க்க வேண்டும். ஓரிரு வாரத்தில் தசை தளர்ந்து புள்ளிகள் இடம் மாறும் என்பதால் மறுபடி ஒருமுறை திருத்தம். ஐந்தே நிமிடத்தில் டப்பாவில் போட்டுக் கையில் தந்தால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். இன்னொன்று: கிளிப் பல்லைத் தேய்மானத்திலிருந்து காக்கும், அவ்வளவுதான். ‘போட்டால் கடிப்பது நின்றுவிடும்’ என்பது பொய்.

கிளிப்பில் போனது பணம்தான். பல் போவது வேறு வழியில். ‘கடி சரியில்லை, அதான் கடிக்கிறீங்க, உயரமான பல்லைக் கொஞ்சம் தேய்ச்சு விடலாம்’ என்று நல்ல பல்லில் கை வைப்பார்கள். பல் சேரும் விதம்தான் இரவுக் கடிக்குக் காரணம் என்பது பழைய எண்ணம். ஆராய்ச்சியில் அது நிற்கவில்லை. தூக்கம் லேசாகக் கலையும் கணங்களில் மூளை கிளப்பிவிடும் அசைவு இது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது. முதலில் கூச்சம், பிறகு ரூட் கெனால், அப்புறம் கேப். இரவெல்லாம் கடித்தால் அந்தக் கேப்பின் பீங்கானும் சிதறும். புதிதாக வைத்த அடைப்போ கேப்போ உயரமாக இருந்தால் அதைக் குறைப்பது சரி. சொந்தப் பல்லைக் குறைக்க விடாதீர்கள். கன்னத்துத் தசை வலியே பல்வலி போலத் தெரிவதும் உண்டு. எக்ஸ்ரேயும் குளிர் சோதனையும் பார்க்காமல் ரூட் கெனாலுக்குத் தலையாட்ட வேண்டாம். சந்தேகம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ இன்னொரு கருத்து கேளுங்கள்.

குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள் முதலில் தூக்க மூச்சுத்தடைக்குச் சோதித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு மேல்தாடைக் கிளிப் அதைக் கூட்டக்கூடும். ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் பல் கடியைத் தூண்டலாம். தாமாக நிறுத்தாமல் எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழந்தை பல் கடித்தால் வயிற்றுப் பூச்சி என்று மருந்து விற்பதையும் நம்பாதீர்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரி, ஆகஸ்டில் தரும் அல்பெண்டசோல் பூச்சிக்கு நல்லது, கொடுக்கலாம். பல் கடிக்கு அது மருந்தல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே நிற்கும். தாடை வளரும் வயதில் கிளிப் மாட்டுவது பொதுவாக வேண்டாம்.

பகலில் பல்லை இறுக்கும் பழக்கத்தை விடக் காசே வேண்டாம். உதடு மூடியிருக்க, பற்கள் தொடாமல் இருப்பதுதான் தாடையின் ஓய்வு. ‘ன்’ என்று சொல்லி நாக்கு நிற்கும் இடத்திலேயே அதை விட்டுவிட்டால் பற்கள் விலகும். ரப்பர் பால் வெட்டும்போதும், பைக் ஓட்டும்போதும், போன் பார்க்கும்போதும்தான் தெரியாமல் இறுக்குவோம். அந்த நேரங்களில் கவனித்துத் தளர்த்துங்கள். மாலைக்குப் பிறகு கட்டன் சாயா வேண்டாம். வலி இருக்கும் நாள்களில் கொட்டைப்பாக்கும் மரச்சீனி வத்தலும் தவிர்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 10 நிமிடம் வையுங்கள்.

முன்பல் கிளிப்பை ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். மெல்லிய தாள் கீற்றை முன்பற்களுக்கு நடுவே வைத்து இயல்பாகக் கடித்து இழுத்துப் பாருங்கள், பிறகு கடைவாயிலும். முன்பு சேர்ந்த இடத்தில் தாள் இப்போது தடையில்லாமல் உருவி வந்தால் கடி மாறத் தொடங்கியிருக்கலாம். கிளிப்பையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வேறொரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.