அந்தச் சேவைத் தளத்தின் மெனு: தினமும் புழங்குகிறவன் சொல்வது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில் நெட் சென்டர் வைத்திருப்பவனுக்கு ஒரு வெப்சைட்டின் அழகெல்லாம் இரண்டாம் பட்சம். எதிரே ஆள் நிற்கும்போது வேண்டிய பக்கம் சட்டென்று வருகிறதா, அதுதான் கணக்கு. விண்ணப்பம், கட்டணம் இரண்டையும் ஒரே இடத்தில் முடிக்கிற ஒரு சேவைத் தளத்தை வருடக்கணக்காகத் திறந்து மூடுகிறேன். பெயர் வேண்டாம். பழைய வடிவத்திலும் புழங்கினேன், புதுப்பித்த பிறகும் புழங்குகிறேன்.

பழைய மெனுவில் இருந்ததெல்லாம் துறைப் பெயர்கள். வருமானச் சான்றிதழுக்கு வந்தவர் எந்தத் துறை என்று கண்டாரா? அலுவலகத்தில் யாருக்கு எந்த மேஜை என்பதை அப்படியே மெனுவாக்கி வைத்திருந்தார்கள். இப்போது சான்றிதழ், கட்டணம், விண்ணப்ப நிலை என்று, வந்த வேலையை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே மற்ற பலதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பொறுக்க முடியாதது, கர்சர் வைத்தால் விரியும் அந்தப் பட்டியல். மேலே இருக்கும் தலைப்புக்கும் கீழே விரியும் பட்டியலுக்கும் நடுவில் நூலிழை அளவுக்கு ஓர் இடைவெளி. மெதுவாகக் கர்சரை இறக்கினால் அந்த இடைவெளியில் பட்டியல் மறைந்துபோகும். விருட்டென்று இழுத்தால் தப்பிக்கலாம். எனக்குக் கை பழகிவிட்டது. பெரியவர்கள் நிதானமாக நகர்த்துவார்கள், அவர்களிடம்தான் அது கண்ணாமூச்சி காட்டுகிறது. கர்சரை அதன் மேல் கொண்டுபோகும்போது விரிந்தது மறையக் கூடாது என்று 2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 விதிகளிலேயே, அதாவது வெப்சைட்டை எல்லோரும் புழங்கும்படி வைப்பதற்கான சர்வதேச விதிகளிலேயே, இருக்கிறது. கிளிக் செய்தால் திறக்கும்படி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

போனில் வேறு கதை. எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கோடு போட்ட குறிக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அந்தக் குறி புதிதல்ல. 1981-ல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் பக்கத்து வயசானவர்களுக்கு அது மெனு என்று தெரியவில்லை.

"ஏன் கண்ணு, கரண்ட் பில்லு எங்க போச்சு?"

"மேல மூணு கோடு இருக்குதுங்களே ஆத்தா, அதை அமுத்துங்க."

"நெட்டு இழுக்கலைன்னு காட்டுதுன்னுல்ல நெனச்சேன்!"

ஆத்தாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மறைத்து வைத்த மெனுவை ஆட்கள் குறைவாகவே தொடுகிறார்கள் என்று வெப்சைட்டுகளை ஆட்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுவின் 2016 ஆய்வும் சொன்னது. கோட்டுக்குப் பக்கத்தில் 'மெனு' என்று எழுதலாம். அடிக்கடி வேண்டிய நாலு வேலையைத் திரையின் அடியில் வெளிப்படையாக வைக்கலாம். பெரிய செலவில்லை.

அப்புறம் மொழி. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969-ம் வருடத்துச் சட்டமே இடம் தரும் மாநிலம் இது. எங்கள் சித்தூர் தாலுகாவில், பக்கத்தைத் தமிழுக்கு மாற்றும் பொத்தானைச் சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. புதுப்பித்த தளத்தில் அது இருக்கிறது, ஆனால் பக்கத்தின் அடியில், அதுவும் ஆங்கில எழுத்தில். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? தேடிப் பிடித்து அமுக்கினால், இருந்த பக்கமே தமிழுக்கு மாறாமல் முகப்புக்குத் தூக்கி எறிகிறது. பாதி நிரப்பிய படிவம் போயே போச்சு. என் கடையில் அதிகம் திட்டு வாங்கும் பொத்தான் இதுதான்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே 'முகப்பு > சான்றிதழ் > வருமானம்' என்று வந்த வழி தெரிகிறது, நடுவில் எதை அமுக்கினாலும் அந்தப் படிக்குப் போகலாம். ஏற்கெனவே திறந்த லிங்க் நிறம் மாறி நிற்பதால் படிவப் பட்டியலில் ஒன்றையே திரும்பத் திறப்பதில்லை. தேடல் பெட்டி சுமார்தான், எழுத்துப் பிழையை மன்னிக்காது.

கணினியில் தாராளமாகப் பயன்படுத்தலாம். போனில் செய்கிறவர்கள் மொழியை முதலிலேயே மாற்றிக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள். விண்ணப்ப எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் 'விண்ணப்ப நிலை' பக்கம் ஒன்றும் காட்டாது.